பழைய லாரி எஞ்சினில் தண்ணீர் புகுந்துவிட்டால்: வடித்து ஓட்டுவதா, பிரித்துப் பார்ப்பதா, மாற்றுவதா?

வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் லாரியின் கதவைத் திறக்கும் யாருக்கும் கை முதலில் போவது சாவிக்குத்தான். ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போம், ஓடினால் ஓடட்டும் என்று மனம் சொல்லும். அந்த ஒரு தடவையில் போன எஞ்சின்கள் ஏராளம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் ஓடியிருக்கக்கூடிய வண்டி, அரை நொடியில் பிஸ்டனைக் கிராங்கோடு, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டோடு, இணைக்கும் ராடு வளைந்து, எல்லாவற்றையும் பிரித்துச் செய்யும் முழு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் எந்த வழி என்று யோசிக்க உட்காரும் முன்பே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடுங்கள். விஷயம் தெரியாத யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது.

கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய லாரிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வண்டிக்காரர் முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். எஞ்சினைத் திறக்காமலே தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றி, டீசல் லைனைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்க்கலாம். எஞ்சின் சேசிஸிலேயே இருக்க, சம்ப்பையும் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல் மூடி) மட்டும் கழற்றி உள்ளே பார்க்கலாம். எஞ்சினை இறக்கி முழு வேலை செய்யலாம். வேறு எஞ்சின் ஏற்றலாம். இருக்கிறபடியே விற்றும் விடலாம்.

தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வைத்துத்தான் பலரும் இதில் முடிவெடுக்கிறார்கள். டயர் வரையா, போனட் வரையா என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. என்னைக் கேட்டால், தண்ணீர் உள்ளே போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று முதலில் கேட்பேன். அதன்பிறகு யாராவது செல்ஃப் அடித்தார்களா, எத்தனை நாள் ஆயிற்று என்பவை அடுத்த கேள்விகள்.

ஒரே வெள்ளத்தில் மாட்டிய இரண்டு ஆறு சிலிண்டர் லாரிகளை அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று ஷெட்டில் நின்றபடியே மூழ்கியது, எஞ்சினின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவர் வரைக்கும் சேறு. மற்றதில் தண்ணீர் பம்பரைக்கூடத் தாண்டவில்லை. டிரைவர் வேகமாகக் கடந்துவிடப் பார்த்திருக்கிறார். முன்னால் எழும்பிய அலை ஏர் ஃபில்டரின் வாய்க்குள் போய், வண்டி டக்கென்று நின்றிருக்கிறது. பிறகு மூன்று தடவை செல்ஃப் அடித்திருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டாவது வண்டி துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. சேறு பூசிய முதல் வண்டி நான்காம் நாள் ஓடியது. சுத்தமாக இருந்த வண்டியில்தான் ஒரு ராடு இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகியிருந்தது.

காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. மெர்சிடிஸின் ஓ.எம். 352 என்ற பழைய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் 97 மி.மீ., ஸ்ட்ரோக் 128 மி.மீ., ஆக ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 946 மி.லி. கம்ப்ரஷன் 17-க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் மேலே மிஞ்சும் இடம் 59 மி.லி. மட்டும், ஒரு சின்ன இருமல் மருந்துப் பாட்டில் கொள்ளுகிற அளவு. வால்வுகள் மூடியிருக்கும்போது அதற்குமேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போகவே முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. நின்ற எஞ்சினில் அந்தத் தண்ணீர் சும்மா உட்கார்ந்திருக்கும், துருப்பிடிக்க வைப்பதோடு சரி. ஓடும் எஞ்சினில் ஃப்ளைவீலின் வேகம் மொத்தமும் வந்து அதில் மோதுகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. (பழைய பெட்ரோல் எஞ்சின்களில் கம்ப்ரஷன் 7 அல்லது 8 தான் இருக்கும். மேலே மிஞ்சும் இடம் அதிகம், ராடு தப்பிக்கும் வாய்ப்பும் அதிகம்.)

கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதை நான் ஐந்து வழிகளில் ஒன்றாகச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். தண்ணீர் அடைத்த சிலிண்டரில் செல்ஃப் மோட்டாராவது திணறி நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. பல டன் எடையுள்ள வண்டி உருண்டு வரும்போது அந்த வேகம் கியர் வழியாக நேரே கிராங்கில் இறங்கும், எதுவும் திணறி நிற்காது. தயவுசெய்து யார் சொன்னாலும் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முடிவெடுக்க வேண்டிய தகவல் முழுவதும் ஒரு பகல் வேலையில் கிடைத்துவிடும். முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். லெவல் ஏறியிருந்தால் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது. லெவல் ஏறியும் ஆயில் கறுப்பாகவே இருந்தால் நல்ல சேதி. தண்ணீர் அடியில் தனியாகத் தங்கியிருக்கிறது, எஞ்சின் சுற்றவில்லை. வெளுத்துக் குழம்பிப் போயிருந்தால் உள்ளே தண்ணீரோடு எஞ்சின் சுற்றியிருக்கிறது. “நான் சாவியைத் தொடவே இல்லை” என்று டிரைவர் சொன்னாலும் ஆயில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து சம்ப் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகுதான் ஆயில். வரும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் நிறம் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டோ, லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைச் சட்டை) ஓ-ரிங்கோ கசிகிறது, வெளித் தண்ணீர் மட்டும் காரணமில்லை. அப்படியானால் திறக்காமல் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கடல் தண்ணீர் என்றாலும் அப்படித்தான். உப்பு அரிக்கும் வேகம் வேறு, அதை ஆயில் மாற்றி வெளியேற்ற முடியாது.

பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றும் திசையில், மெதுவாக, முழுதாக இரண்டு சுற்று. ஷெட்டில் மூழ்கிய வண்டியில் நாங்கள் இப்படிச் சுற்றியபோது மூன்றாவது துளையில் முதலில் ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் பொங்கி ஹெட்டின் மேல் வழிந்தது. ஐந்தாவதிலும் அப்படியே. மற்ற நான்கும் உலர்ந்திருந்தன. அந்த இரண்டு சிலிண்டர்களில் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருக்கிறது, தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது.

ஸ்பேனர் ஓர் இடத்தில் முட்டி நின்றால் பைப் மாட்டி அழுத்தாதீர்கள். டீசலோ துரு இளக்கும் ஆயிலோ கொஞ்சம் துளைகளில் விட்டு ஒரு நாள், இரண்டு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். நாட்கணக்கில் ஊறியும் அசையவில்லை என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. ஹெட்டைத் தூக்காமல் அது விடாது.

இனிச் சொல்வதுதான் இந்தச் சோதனையிலேயே முக்கியமானது, பலர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-ம் 6-ம், 2-ம் 5-ம், 3-ம் 4-ம் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். ஒரே அளவுள்ள பித்தளைக் கம்பியை நாசில் துளை வழியாகப் பிஸ்டன் வரை இறக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் உச்சியில் வைத்து, ஹெட்டின் ஒரே இடத்திலிருந்து கம்பி எவ்வளவு தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒன்றாக இருந்தால் ராடுகள் தப்பின. ஒன்று மட்டும் கீழே நின்றால் அந்த ராடு வளைந்திருக்கிறது. நேரே துளை உள்ள எஞ்சின்களில் இது எளிது. ப்ரீ-சேம்பர் (நாசிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சிறு அறை) வைத்த எஞ்சின்களில் கம்பி பிஸ்டனைத் தொடாது, அங்கே கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். நல்ல டீசல் எஞ்சின் பொதுவாக 25 முதல் 35 பார் காட்டும். எண்ணைவிட, ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து தனியாக விலகி நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். மேலே சொன்ன எஞ்சினில் பிஸ்டன் 2 மி.மீ. தாழ்ந்தால் மிஞ்சும் இடம் 59-லிருந்து 74 மி.லி. ஆகிவிடும். கம்ப்ரஷன் 17-லிருந்து 14-க்கும் கீழே வந்துவிடும். காலையில் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் தட்டுவது, சூடான பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போன்ற தோற்றம். வண்டி ஓடும், லோடும் இழுக்கும். ஆனால் வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நெளிந்து நெளிந்து ஒரு நாள் முறியும், முறிகிறபோது பிளாக்கின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதன் பிறகு எந்தப் பட்டறையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம். பெரிய செலவிலிருந்து ஆரம்பிக்கிறேன். பயத்தில் மனம் முதலில் ஓடுவது அங்கேதான்.

விற்றுவிடுவது, எஞ்சினுக்காக எடுக்க வேண்டிய முடிவாக எனக்குப் படவில்லை. வண்டி ஏற்கெனவே சேசிஸ் அரித்து, கேபின் தளம் ஓட்டையாகி, தினம் ஒரு வேலை வைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் ஒரு சாக்கு, அவ்வளவுதான். விற்கும்போது மூழ்கிய வண்டி என்று சொல்லியே விற்றுவிடுங்கள். அதை நம்பி லோடு ஏற்றப்போவதும் ஒரு டிரைவர்தான்.

வேறு எஞ்சின் ஏற்றுவது வேகமான வழி. பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தாலோ, கிராங்க் போயிருந்தாலோ, பழைய எஞ்சினுக்குப் பார்ட்ஸ் வருவதே நின்றுவிட்டாலோ இதுதான் சரி. ஆனால் வரும் எஞ்சினின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. அதுவும் ஏதோ ஒரு வெள்ளத்தில் கிடந்ததாக இருக்கலாம். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கிளட்ச் ஹவுசிங்கின் உள் மூலையிலும் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் துளைகளிலும் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்த வண்டல் அங்கே ஒளிந்திருக்கும். முழுக் குளிர்ச்சியில் ஸ்டார்ட் ஆவதை நேரில் கேட்காமல் எடுக்காதீர்கள். வாகனப் பதிவில் எஞ்சின் எண் மாறுவதற்கான வேலையும் உண்டு. இன்னொன்று, எஞ்சின் மாற்றியதால் வண்டி சரியாகிவிட்டது என்று நினைக்கவும் கூடாது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், வீல் ஹப் எல்லாமே அதே தண்ணீரில் இருந்தவை. சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் அந்த ஆயில்களை மாற்றியே ஆக வேண்டும்.

எஞ்சினை இறக்கி முழு வேலை என்பது, தண்ணீர் உள்ளேயே வாரக்கணக்கில் நின்றிருந்தால், அல்லது வெள்ளத்துக்கு முன்பே எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தால் நியாயம். எப்படியும் வரவேண்டிய வேலை முன்கூட்டி வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை, நான்கு நாள் தண்ணீருக்காக முழுக்கப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. பழகிய பேரிங்கையும் ரிங்கையும் கலைத்தால் புதிதாகப் போடுவதில் வரும் தவறுகளுக்கும் நாம்தான் பொறுப்பு.

சம்ப்பையும் ஹெட்டையும் மட்டும் கழற்றிப் பார்க்கும் நடுவழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பிச் சோதனையில் ஒரு பிஸ்டன் தாழ்ந்திருந்தால், ஆயில் வெளுத்திருந்தால், கடல் தண்ணீர் புகுந்திருந்தால், உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தால் இதற்கே என் ஓட்டு. பல லாரிகளில் எஞ்சினை இறக்காமலே சம்ப் வந்துவிடும். முதலில் அதை இறக்கி, ஏதாவது ஒரு ராடு கேப்பை மட்டும் திறந்து பேரிங்கைப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் மூடிவிடலாம். கரும்புள்ளிகளும் கீறல்களும் இருந்தால் எல்லாப் பேரிங்கும் மாற்ற வேண்டியதுதான். ஹெட்டைத் தூக்கினால் லைனரில் துருவின் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். விரலால் தடவி நகம் மாட்டவில்லை என்றால் லேசான தேய்ப்போடு விட்டுவிடலாம். நகம் பள்ளத்தில் இறங்கினால் அந்த லைனர் மாற்றத்தான் வேண்டும். லைனரைச் சுற்றிக் கூலன்ட் நேரே நிற்கும் வெட் லைனர் எஞ்சினில் ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்ற நேர்ந்தால், லைனர்களை வாஷரும் போல்ட்டும் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் லைனரைத் தூக்கிவிட்டால் அடியில் உள்ள ஓ-ரிங் கெட்டு, சரியாக இருந்த இடத்தில் புதுக் கசிவு வரும்.

அலையைக் குடித்து நின்ற அந்த இரண்டாவது லாரிக்கு இதைத்தான் செய்தோம். கழற்றிய ராடை மேஜையில் நல்ல ராடு ஒன்றின் பக்கத்தில் வைத்தபோது மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் எடுத்துத் தெரியவில்லை. இரண்டையும் ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கியதும், நடுத்தண்டின் வளைவில் வெளிச்சம் கசிந்தது. ஒரு ராடு, ஒரு பிஸ்டன், அந்தச் சிலிண்டரின் ரிங், எல்லா ராடு பேரிங்குகள், கேஸ்கெட் செட். முழு வேலை என்று வந்த வண்டி அதோடு முடிந்தது.

திறக்காமல் வடித்து ஓட்டுவதற்கு என் நிபந்தனைகள்: எஞ்சின் நின்ற நிலையில் மூழ்கியிருக்க வேண்டும், அதன்பிறகு யாரும் செல்ஃப் அடித்திருக்கக் கூடாது, நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆறு பிஸ்டனும் ஒரே உயரம் வர வேண்டும், நாட்கள் சிலவே ஆகியிருக்க வேண்டும். ஷெட்டில் மூழ்கிய லாரி எல்லாவற்றிலும் தேறியது.

அதற்குச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏர் ஃபில்டர் ஆயில் கிண்ணம் வைத்த பழைய வகை. தண்ணீர் அடியில் தங்கி ஆயிலை மேலே மிதக்கவிட்டிருந்தது, அப்படியே ஓட்டியிருந்தால் எஞ்சின் திரும்பவும் தண்ணீரைத்தான் குடித்திருக்கும். கிண்ணத்தையும் இன்டேக் குழாயையும் மேனிஃபோல்டு வரை கழற்றித் துடைத்தோம். சைலென்சரின் முன் ஜாயின்ட்டைத் தளர்த்தி அதில் நின்றதை வடித்தோம். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் டேங்கின் அடி நட்டைத் திறந்ததும் முதல் சில லிட்டர் வெறும் தண்ணீர்தான். டேங்கை முழுக்கக் காலி செய்து, ஃபில்டர்களை மாற்றினோம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, பிரஷ் இடுக்கில் இருந்த சேற்றை எடுத்துக் காயவைத்தோம். பேட்டரிகள் மாற்றுப் பேட்டரிகள்.

டீசல் பம்ப்பில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சர்களுக்கும், அவை ஓடும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். துரு அங்கே லேசாகப் பிடித்தாலே ஒட்டிக்கொள்ளும். வரிசை வகைப் பம்ப்பின் கீழ்ப்பாகத்துக்காவது எஞ்சின் ஆயில் இருக்கிறது. ரோட்டரி வகைக்கு உயவு முழுக்க டீசல்தான், அதனால் டீசலில் தண்ணீர் கலந்தால் அது சீக்கிரம் கெடும். ரோட்டரி பம்ப் என்றால் யோசிக்காமல் பம்ப் பட்டறைக்கு அனுப்பிவிடுவது நல்லது. எங்களுடையது வரிசை வகை. பக்க மூடியைத் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பியை விரலால் தள்ளினோம், முதலில் நகரவில்லை. சுத்தமான டீசல் விட்டு ஊறவைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளியபோது வழுக்கிக்கொண்டு போய் ஸ்பிரிங்கில் திரும்பி வந்தது. இது சரியாகாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ரேக் முழு டீசல் நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும், சாவியை அணைத்தாலும் நிற்காது.

நாசில் இல்லாமலே செல்ஃப் அடித்து மிச்சத் தண்ணீரையும், ஊறவைக்க விட்ட ஆயில் ஏதும் இருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும். முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆளுயரத்துக்குப் பீய்ச்சும். ஹை பிரஷர் பைப்பின் வாயருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். அதிக அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு புதுச் செப்பு வாஷர்களோடு நாசில்களை மாட்டி, கை பம்ப் அடித்து டீசல் லைனில் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சைலென்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை: ஏர் லாக், ஒட்டிய ரேக், அல்லது ஸ்டாப் கேபிள் துருப்பிடித்து நிறுத்தும் நிலையிலேயே இருக்கிறது. கேபிளுக்குப் பதில் மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடும் சொலனாய்டு வைத்த வண்டியில் சாவி போட்டதும் பம்ப்பில் ‘டிக்’ சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: சுற்றும் வேகம் போதவில்லை, கம்ப்ரஷன் இல்லை, அல்லது இன்னும் தண்ணீர் கலந்து வருகிறது. 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் எஞ்சினைத் திட்டுவதில் பயனில்லை. ஈதர் ஸ்பிரே மட்டும் வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கலாம், இல்லாததில் ரிங்கை உடைக்கலாம்.

சம்ப்பில் ஆயில் ஊற்றிவிட்டு எங்கள் முதல் ஸ்டார்ட்டைச் செய்தபோது ஒருவர் இன்டேக் வாய்க்குப் பக்கத்தில் தட்டையான பலகையோடு நின்றார். எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் காற்றை அடைத்து நிறுத்துவதற்காக. இரண்டு சிலிண்டரில் தட்டித் தட்டி, வெள்ளைப் புகையைக் கக்கி, அரை நிமிடத்தில் ஆறும் சேர்ந்துகொண்டது. ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. இருபது நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, சூட்டோடு ஆயிலை வடித்தோம், வெளுத்து வந்தது. புது ஆயில், புது ஃபில்டர், மறுபடி ஒரு மணி நேரம். இந்தத் தடவை விளிம்பில் மட்டும் லேசான நுரை. மூன்றாவது தடவை ஊற்றி, லோடு இல்லாமல் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து டிப்ஸ்டிக்கை இழுத்தோம். ஆயில் தெளிவாக இருந்தது, லெவல் ஒரு நூல்கூட ஏறவில்லை.